இரண்டாவது சரணம்

ஜமாலியாவில்
பஞ்சர் கடைக்கு மேலே
மணிக்கு முந்நூறு ரூபாய் அறை.
சுவரெங்கும் முட்டை அட்டை.
எட்டு மணி தாண்டினால்
பக்கத்து வீட்டில் துடைப்பக் கட்டையால்
சுவரைத் தட்டுவார்கள்.
பெரும்பாலும் அதுவும் தாளத்தில்தான் இருக்கும்.

ஒன்பது வருடம் நான்தான் பாடினேன்.
யாரும் கூடித் தீர்மானித்ததில்லை.
ரிச்சி தெருவில் தவணைக்கு வாங்கிய மைக்
என்னுடையது, அவ்வளவுதான்.
மட்டை யாருடையதோ
அவன்தானே முதலில் ஆடுவான்.

போன மார்கழியில் தொண்டை போனது.
கொளத்தூரில் கல்யாண வரவேற்பு,
வாங்கிய முன்பணம்
ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்குப் போயாயிற்று.
மிளகு, அதிமதுரம், சித்தரத்தை,
மெடிக்கல்காரர் தந்த ஏதோ ஆரஞ்சு மாத்திரை.
பல்லவி தாங்கியது.
முதல் சரணம் நொண்டி நொண்டி வந்தது.
இரண்டாவதற்கு வாயைத் திறந்தேன்,
பஸ் கதவு திறக்கிற மாதிரி
வெறும் காற்று.

அப்போதுதான்
முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்தாள்
தில்ஷாத்.
மைக் இல்லாமல்,
டிரம்ஸில் கை நிற்காமல்.

நான் எழுதிய வரிதான் அது:
பூட்டிய கடைக்குள்ளே
யாருக்கோ எரியும் பல்பு.
ஒன்பது வருடமும் நான் அதை
அழுதழுதே பாடியிருக்கிறேன்.
அவள் பாடியபோது
கடைக்காரன் மறந்துபோனது தெரிந்தது,
கரண்ட் பில் தெரிந்தது,
வீட்டுக்குப் போய் அவன் வாங்கப்போகும் வசவும் தெரிந்தது.
ஐஸ்கிரீம் கப்போடு மண்டபம் சிரித்தது.
மாப்பிள்ளைகூடத் திரும்பிப் பார்த்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது.
இப்போதும் சொல்கிறேன்,
முதலில் கோபம்தான்.

தையில் குரல் திரும்பியது.
சரணம் திரும்பவில்லை.

கேட்கவும் முடியாது. எப்படிக் கேட்பது,
என் துக்கத்தைக் கொடு என்றா?

பாட்டு வரிசையை
பழைய பத்திரிகையின் பின்பக்கம் எழுதுகையில்
பாட்டுக்குப் பக்கத்தில் இனிஷியல் போட்டார் கீபோர்ட் அருமைநாதன்.
"பாடறவனுக்கு ஒன்றரைப் பங்குன்னு இருந்தோம்.
இப்ப அந்த அரைப் பங்கு யாருக்கு?"
கீழே ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்கும்வரை சண்டை.
நான் பழைய கணக்குகளை எடுத்தேன்.
அவர் அதைவிடப் பழைய கணக்குகளை.
தில்ஷாத் குச்சிகளைப் பையில் போட்டு
ஜிப்பை இழுத்தாள், திறந்தாள், இழுத்தாள்.

மூன்று வருடமாக வாயே திறக்காத
பேஸ் கிடார் பூவராகன்
தந்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"எனக்கும் ஒண்ணு வேணும்ணா.
சின்னதா இருந்தாலும் பரவால்ல."

எனக்கு நாலு கட்டை.
தில்ஷாதுக்கு ஆறு.
அவனுக்கு ஒன்றரை.
அந்த ஒன்றரைக்கு நாங்கள் எல்லோரும்
படியில் விளக்கில்லாத வீட்டில் இறங்குவதுபோல்
தடவித் தடவி இறங்கினோம்.
நடுங்கினான். சுதி இரண்டு இடத்தில் விலகியது.
வியாசர்பாடிப் பக்கம் போன ரயில்
கடைசி வரியை விழுங்கியது.
துடைப்பக் கட்டை மட்டும் தட்டவில்லை.

பங்கு இப்போது ஆளுக்கு ஒன்று.
அருமைநாதன் இன்னும் முணுமுணுக்கிறார்.
மைக்கின் பஞ்சில் இப்போது
பூவராகனின் கிராம்பு,
தில்ஷாதின் வெங்காயப் பச்சடி.
என் வாசனை எதுவென்று
அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

நல்ல மைக் இன்னமும் அந்த ஒன்றுதான்.
ஸ்டாண்டோ டிரம்ஸைத் தாண்டிக் குனியாது.
ஆகவே இரண்டாவது சரணம் வரும்போது
நானே கழற்றி எடுத்துப் போகிறேன்,
ஒயர் காலில் சுற்றாமல்,
அவள் வாயருகே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
பழக்கதோஷம்,
அவள் மூச்சிழுக்கும்போது நானும் இழுத்துவிடுகிறேன்.
நெஞ்சுக்குள் ஒரு வரி அளவு காற்று
முழுசாக நிற்கிறது.

சிம்பலுக்கு வீசும் குச்சி
என் விரல் முட்டியில் படுகிறது.
ஒவ்வொரு முறையும்
சரியாக அந்த பல்பு வரியில்.
"கொஞ்சம் தள்ளிப் பிடி" என்று கண்ணால் சொல்கிறாள்.
தள்ளிப் பிடித்தால் குரல் விழாது.
மூச்சை விடுகிறேன்,
கையை அங்கேயே வைத்துக்கொண்டு.