அம்மி நகராத இடம்

ஆகஸ்ட். மாதுங்கா. கல்லூரியின் மூன்றாம் மாடி.
வெளியே பெய்கிற மழையின் ஈரம்
உள்ளேயும் நின்றுகொண்டிருக்கிறது.

மின்னேற்றம் தங்கவில்லை.
தேய்த்த பிவிசி குழாயால் தொட்டதும் விரிகிற
தங்க இதழ் இரண்டும்
அலுத்துப்போய்த் தாமே படுத்துக்கொள்கின்றன.
நாளை எட்டு மணிக்கு செய்முறை வகுப்பு.
கீர்த்திகர் மேடம் எட்டிப்பார்த்து
"ஜால கா, ஜெபக்கனி?" என்றுவிட்டு
ஒன்பது ஐந்து லோக்கலுக்கு ஓடிவிட்டார்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த ஹேர் டிரையரால்
கருவிக்குத் தலை உலர்த்தினேன்.
துத்தநாகத் தகட்டை எமரித்தாளால் தேய்த்தேன்,
சாம்பல் பூத்த தோலுக்கு அடியில்
பளிச்சென்று ஒரு முகம் வரும் வரை.
இப்போது நின்றது.
ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும் இருவர் போல
விறைப்பாக விலகி நின்றன இதழ்கள்.

கீழே கணபதி பந்தல் போடும் பையன்களிடம்
இரவல் கேட்ட ஐந்நூறு வாட் ஹாலஜனை
பெட்னேகர் மார்போடு அணைத்துத் தூக்கிவந்தான்.
முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினோம்.
அறை முழுக்க ரத்தினம்.
இதழ் அசையவில்லை.
"கொஞ்ச நேரம் விடு" என்றான்.
விட்டோம்.
ஒட்டிய டேப் இளகி வழிந்தது.
தகடு சுட்டது.
தாளைக் கிழித்து வெறும் வெளிச்சத்தையே கொட்டினோம்.
இதழ் அசையவில்லை.

அடி மேல் அடி வைத்தால்
அம்மியும் நகரும் என்பார்கள் எங்கள் பக்கம்.
துத்தநாகத்துக்குத் தமிழ் தெரியாது.

வாசலோரம் நின்று
பதினோரு வருஷமாகக் கேட்ட பாடம் இது:
வெளிச்சம் ஆறாக வருவதில்லை, மணிமணியாக வருகிறது.
ஒரு மணி, ஒரு எலெக்ட்ரான், ஒரே ஒரு தட்டல்.
போதாத மணி போதாததுதான்.
பின்னால் கோடி மணிகள் வந்தாலும்
முன்னால் வந்தது கணக்கில் நிற்காது.
சீட்டுப் பிடிப்பதில்லை உலோகம்.
வாங்கியதைச் சூடாக்கி
மறந்துவிடுகிறது.

மூலையில் பழுதாகிக் கிடந்த
தண்ணீர் சுத்திகரிப்பானிலிருந்து
பதினோரு வாட் புற ஊதாக் குழலைக் கழற்றினேன்.
மங்கல் நீலம். ஹாலஜன் முன்னால்
வைத்தால் எரிகிறதா என்றே தெரியாது.
"கண்ணைத் திருப்பிக்கோ" என்று பெட்னேகரிடம் சொல்லிவிட்டு
சுவிட்சைப் போட்டேன்.

யோசிக்கக்கூட இல்லை.
தொட்ட கணமே கிளம்பியிருக்கும் முதல் எலெக்ட்ரான்;
இதழ்கள் ஒன்றையொன்று நோக்கி
இறங்கத் தொடங்கின.

நடுவில் ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை நீட்டினேன்.
இறக்கம் நின்றது.
அந்தப் பக்கம் எல்லாம் தெரிகிறது,
குழல், கம்பி, என் விரல்.
தெளிவான கண்ணாடி.
போகவேண்டியது மட்டும் போகவில்லை.

அதைப் பிடித்தபடி சற்று அதிகநேரம் நின்றுவிட்டேன் போல.
"என்ன?" என்றான் பெட்னேகர்.
ஒன்றுமில்லை என்றேன்.

தரைத்தளத்தில் அலுவலக கவுண்டர்.
மாதம் ஒருமுறை, நூற்று முப்பத்திரண்டு தடவை,
அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
என் வேலையை நிரந்தரமாக்கக் கேட்டிருக்கிறேன்.
மெல்லக் கேட்டேன், சிரித்துக் கேட்டேன்,
எழுதிக் கேட்டேன், மூன்று பிரதிகள்.
அவர் முகம் கொஞ்சம் சூடானதுண்டு.

ஒருவேளை நான்தான் சிவப்போ
என்று நினைக்கப் பிடிக்கவில்லை.
மனுஷிக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது.
எனக்குள் ஒரு கேள்வியும்
வீணாய் ஆறிப்போனதில்லை;
எல்லாம் சேர்ந்துதான் இருக்கின்றன,
ஒன்றன் மேல் ஒன்றாய், தேதியோடு.

குழலை அணைத்தேன்.
இதழ்கள் பாதி இறங்கிய நிலையில்
அப்படியே நின்றுவிட்டன.
நோட்டில் எழுதினேன்: பதினான்கு விநாடி. வேலை செய்கிறது.

படியிறங்கும்போது
ஹாலஜனைத் திருப்பிக் கொடுத்தோம்.
கண் எழுதாத கணபதி மேல் அதைத் திருப்பினார்கள்.
களிமண் ஈரமாய் மின்னியது.

சீசியம் என்று ஓர் உலோகம் உண்டு.
புற ஊதா வேண்டாம்,
வெறும் நீலத்துக்கே வழிவிட்டுவிடுமாம்.
நான் பார்த்ததில்லை.
எங்கள் கல்லூரிக்கு அது கட்டாது.

திங்கட்கிழமை முதல் கவுண்டருக்குப்
புதிதாக ஒருத்தி வருகிறாளாம், நாக்பூர்க்காரி.
என்ன உலோகமோ.