அரைமணித் தூக்கம்

ஆவெய்ரோ ஊரில் முதலில் விழிப்பவள் நான்.
இரண்டரைக்கு மாவு பிசைய வேண்டும்.
கிலோ மாவுக்கு இருபது கிராம் உப்பு,
அப்பா அடுப்புச் சுவரில் கரியால் எழுதிப்போட்டது.
அந்த உப்பு என் கணவன் அமாந்தியு வாரியது.
காயலோரப் பாத்திகளில் கோடை முழுக்கக் குனிந்து
நீர்மேல் பூத்ததைப்
பாலேடு போலக் கலையாமல் எடுப்பான்.
கழற்றிவைத்தால் அவன் சட்டை
தானாக நிற்கும்.

பிப்ரவரியில் சுகாதார நிலையத்துச் செவிலி
அவன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள்.
நூற்று எண்பத்தாறு.
இன்னொரு முறை அடித்தாள். அதே.
"உப்பைக் குறையுங்கள்."
மீனிடம் போய்ச் சொல் என்பதுபோல் சிரித்தான்.

மேசையிலிருந்த உப்புச் சாடியை ஒளித்தேன்.
கோட்டுப் பையிலிருந்து
காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான்.
காட் மீனை இன்னும் இரண்டு தண்ணீர் மாற்றி ஊறவைத்தேன்.
தட்டை நகர்த்திவிட்டு
வெறும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றான்.
உப்புப் பெறாத விஷயத்துக்கு
மூன்று நாள் பேச்சில்லை.

ரொட்டியை மட்டும் அவன் சந்தேகிக்கவே இல்லை.

அங்கே கை வைத்தேன்.
மாதத்துக்கு ஒரு கிராம்.
சுவரில் இருபது இருபதாகவே இருந்தது.
தெரு முழுக்க என் ரொட்டிதான்.
தபால்காரர், பள்ளிப் பிள்ளைகள்,
காசைக்கூட முகர்ந்து வாங்கும் சுல்மீரா,
ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.
மெல்ல மெல்ல எடுத்தால்
திருட்டென்று நாக்குக்குத் தெரிவதில்லை.

மாவுக்குத் தெரிந்தது.
அதட்ட உப்பு போதாமல்
துள்ளிக்கொண்டு எழுந்தது.
பதினாறில், தொட்டித் துணியைத் தள்ளி
வெளியே எட்டிப் பார்த்தது.
தண்ணீரைக் குளிரவைத்தேன், ஈஸ்ட்டைக் கிள்ளிக் குறைத்தேன்,
அப்படியும் அரைமணி முந்திக்கொண்டது.
வேறென்ன செய்ய,
நான் அரைமணி பிந்தி எழுந்தேன்.

செப்டம்பரில், இருட்டில் அவன் குரல்.
"மணி இரண்டே முக்கால். உடம்புக்கு என்ன?"
"ஒன்றுமில்லை. மாவு இப்போதெல்லாம் சீக்கிரம் பொங்குகிறது."
"ஏன்?"
வெயில் என்றிருக்கலாம்.
புது ஈஸ்ட் என்றிருக்கலாம்.
தூக்கக் கலக்கத்தில் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.
"உப்பு."

கட்டில் கிறீச்சிட்டது.
"எத்தனை?"
"பதிமூன்று."
பாத்தியில் குவியலை அளப்பவன்
இருட்டில் எதையோ அளந்துகொண்டு கிடந்தான்.
"நேற்றுகூட நன்றாகத்தானே இருந்தது" என்றான் கடைசியில்,
யாரோ செத்த செய்தி கேட்டவன்போல.

எழப்போனேன்.
அவன் கை என் முழங்கையைப் பிடித்தது,
சொரசொரவென்று, எத்தனை கழுவியும் போகாத வெண்மையோடு.

"பன்னிரண்டு ஆக்கினால்
இன்னும் எவ்வளவு நேரம் தூங்கலாம்?"