தொண்ணூற்றெட்டு

புயல் போன பதினெட்டாம் நாள்
தியோதூலோவின் கரோக்கே பெட்டி அகப்பட்டது.
கடல் அதைக் கடையிலிருந்து தூக்கிவந்து
பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் பின்னால்
குப்புறப் போட்டிருந்தது.
திருகாணி திருகாணியாய்க் கழற்றி
வெயிலில் பரப்பினான்.
உள்ளேயிருந்து ஒரு நண்டு
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி
பக்கவாட்டில் நழுவிப் போயிற்று.

எங்கள் முகாமில் டீசல் அளப்பவள் நான்.
நாளைக்கு இரண்டு லிட்டர்.
கைப்பேசிகள், இன்சுலின் வைத்த குளிர்பெட்டி,
நடுவில் ஒரே ஒரு பல்பு.
பாட்டுக்கு டீசல் கேட்டு வந்தவர்களிடம்
வெட்கமாயில்லையா என்றேன்.
ஐம்பத்து மூன்று பேரை மூடிய மண்
இன்னும் இறுகவில்லை.

அன்றிரவு லேசாகக் காற்று கிளம்பியது.
தென்னங்கீற்று அசையும் அளவுக்குத்தான்.
அசைய எங்கே கீற்று? சாமார் தீவு முழுக்க
மொட்டைக் கம்பங்கள்.
தார்ப்பாய் மட்டும் படபடத்தது.
நாற்பது கூடாரத்திலும் ஒருவர் இருமவில்லை.
உடம்பெல்லாம் காதாகக் கிடந்தோம்.
குழந்தைகள்கூட அழவில்லை,
அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.
விடிந்ததும்
அரை லிட்டர் தனியே எடுத்து வைத்தேன்.

அதற்குள் மணிலாவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள்.
நல்லவள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்
கூடாரத்துக்குள் காலெடுத்து வைத்தாள்.
அவள் தாளில் ஐந்து முகங்கள்.
அழுவது ஒன்று, சிரிப்பது ஐந்து.
இன்றைக்கு நீங்கள் எந்த முகம்?
பெலிசிதாஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
‘புருஷன் சட்டையையும் மகன் சட்டையையும்
அலசிக் கொடியில் போட்டுவிட்டு
யாருக்கு என்று நிற்கிறேனே,
அந்த முகம் இதில் எங்கே?’
வந்தவள் பேனாவை மூடினாள்.
அப்புறம் நெடுநேரம் எங்களோடு
அரிசியில் கல் பொறுக்கினாள்.

சாலையோரம் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள்:
எம் மக்கள் மூங்கில்,
வளைவார்கள், ஒடியமாட்டார்கள்.
கிரிசாந்தோ அதை அவிழ்த்துக்
கூரையாய்ப் போட்டுக்கொண்டான், எழுத்து உள்பக்கமாக.
படுத்தால் அவனுக்கு நேர் மேலே ‘ஒடிய’ என்று வரும்.
சரியாகத்தான் இருக்கிறது என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்டி பேசியது.
மதிப்பெண் போடும் பாகத்தில் மட்டும்
உப்பு ஏறியிருந்தது போல.
கிரிசாந்தோ பாடினால் நாய் எழுந்து போகும்;
திரையில் எக்காளம் முழங்கி, தொண்ணூற்றெட்டு.
ஒரு பயல் மைக்கில் ஏப்பம் விட்டான், தொண்ணூற்றெட்டு.
பாதிரியார் கண்ணை மூடி உருகிப் பாடினார்,
அவருக்கும் அதே.
இது அநியாயம் என்றார்.
சிரித்தோம். சிரித்ததும்
யாராவது பார்த்துவிட்டார்களா என்று
பக்கத்தில் பார்த்தோம்.
பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

பெலிசிதாஸ் எழுந்துவந்தாள்.
பாட்டுப் புத்தகம் வெள்ளத்தோடு போய்விட்டது.
நாலு இலக்க எண்ணை மனப்பாடமாய் அழுத்தினாள்.
இசை தொடங்கியது.
அவள் பாடவில்லை.
சொற்கள் ஒவ்வொன்றாய் நீலத்திலிருந்து மஞ்சளாகி
அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.
ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும்
பெரிதாய், கிட்டத்தில்.
நடுவில் காற்று வந்து தார்ப்பாயை அடித்தது.
அது எனக்கு உறைத்தது
காற்று அடங்கிய பிறகுதான்.

எக்காளம். தொண்ணூற்றெட்டு.
அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
‘ரெண்டு குறையுது’ என்றாள்.

யாரும் தேற்றவில்லை.
தேறிவிடுவாய் என்று சொல்லும் தைரியம்
அங்கே எவருக்கு இருந்தது?
தியோதூலோ கை நீட்டினான்.
அவள் மைக்கைக் கொடுக்கவில்லை.
அதே எண்ணை இன்னொரு தரம் அழுத்தினாள்.

ஜெனரேட்டர் திக்கித் திக்கி இருமியது.
நான் குனிந்து
இன்னும் ஒரு கால் லிட்டர் ஊற்றினேன்.
அதைக் கணக்கு நோட்டில்
எழுதவில்லை.