மற்றவை

ஜெசிந்தா கொண்டுவந்த தாளில்
ஆறு கட்டங்கள்.
அரிசி, வாடகை, பஸ், கரண்ட், மருந்து,
கடைசியில் கொஞ்சம் அகலமாக
மற்றவை.

ஹோட்டல் சலவைக் கட்டின் பின்னால்
கொதிகலன் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு
எட்டுப் பேர், ஒரே பேனை.
ஒரு மாதம் கௌரவமாக வாழ எவ்வளவு வேண்டும்?
இதை எங்களிடம் யாரும் கேட்டதில்லை.
எவ்வளவுக்கு வருவாய் என்றுதான் கேட்பார்கள்,
ஏப்ரல் சீசனுக்கு முந்தின கிழமை,
கேட்கும்போதே அந்தப் பக்கம் திரும்பி
அடுத்தவளைக் கைகாட்டிக் கூப்பிட்டபடி.

அரிசியைக் குறைத்து எழுதினேன்,
பேராசைக்காரி என்பார்களோ என்று.
மருந்துக்கு சைபர்.
காய்ச்சலுக்குக் கொத்தமல்லி இருக்கிறது.
மற்றவையில் ஒரு கோடு.

ஜெசிந்தா வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.
"அக்கா, இது நீங்க இப்ப பொழைக்கிற கணக்கு.
அது எங்களுக்குத் தெரியும்."
புதுத் தாள் ஒன்றைக் கையில் வைத்துவிட்டு
அடுத்த ஹோட்டலின் பின்கதவுக்குப் போய்விட்டாள்.

நானுஓயா பஸ்ஸில், மடியில் பையை வைத்து,
கம்பியில் தொங்கிய ஆள் எட்டிப் பார்க்காதபடி
உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன்:
மகனுக்குக் கண்ணாடி.
எனக்கு ரப்பர் கையுறை, என் விரல் அளவில்.
கிழமைக்கு இரண்டு நாள் முட்டை, ஆளுக்கு முழுசாக.
ஒருநாள் சும்மா படுத்துக்கிடக்க.
கடைசி வரியை அடித்தேன்.
இறங்கும் இடம் வருவதற்குள்
அடித்ததற்கு மேலேயே திரும்ப எழுதினேன்.

பதினாலு மாதம்.
குசுமாவதி சிங்களத்தில் கேட்டாள்,
நான் தமிழில் கேட்டேன்,
மெனேஜர் இங்கிலீஷில் பார்ப்போம் என்றார்.
மலர்க் கண்காட்சி வெள்ளிக்கிழமை
மத்தியானத்துக்கே பனி ஊருக்குள் இறங்கிவிட்டது.
இருநூற்றுப் பதினொரு கட்டில் விரிப்புகள்
கூடைகளில் ஈரமாகக் கிடந்தன.
நாங்கள் குழாயடியில் உட்கார்ந்திருந்தோம்.
மேல் மாடியில் யாரோ
துவாய், துவாய் என்று மணியடித்துக்கொண்டே இருந்தார்.
பயத்தில் எனக்கு இரண்டு தரம் வயிற்றைக் கலக்கியது.
திங்கட்கிழமை கையெழுத்து.

கேட்டதில் முக்கால்தான்.
இலவசத் தேத்தண்ணி அன்றோடு நின்றது.
சந்தனமேரிக்கு மட்டும் கடிதம் வரவில்லை.
அவள் இப்போது பண்டாரவளையில்
ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள்,
எங்கள் பழைய சம்பளத்துக்கு.
அவள் தாளில் மற்றவைக்குக் கீழே
என்ன எழுதியிருந்தாள் என்று கேட்க
போனை எடுப்பேன்.
ரீலோட் போடவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு
வைத்துவிடுவேன்.

முட்டை விலை ஏறிவிட்டது.
கிழமைக்கு ஒருநாள்தான், ஆனால் முழுசு.

கண்ணாடி போட்ட அன்று மகன்
ஸ்டேஷன் பாலத்தில் நின்று மலையைப் பார்த்தான்.
"அம்மா, அது தனித்தனிச் செடியா?"
இவ்வளவு நாளும் பச்சைப் போர்வை என்று நினைத்திருக்கிறான்.
பிறகு விரலை நீட்டி எண்ணத் தொடங்கினான்.
"அதுக்குள்ள ஆளுங்க நிக்கிறாங்க.
ஏழு, எட்டு…
இன்னும் மேலயும் இருக்காங்க."

போன போயாவுக்கு நான் படுத்துக்கிடந்தேன்.
நித்திரை வரவில்லை.
தகரத்தில் தூறல் விழுந்து விழுந்து நின்றது.
கை தன்பாட்டில் விரிப்பின் சுருக்கத்தை
இழுத்து இழுத்துச் சரிசெய்தது.
பத்து மணிக்குப் பக்கத்து அறைக்காரி
கதவைத் தட்டினாள்:
"என்னடி, மேலுக்கு முடியலையா?"
சும்மா படுத்திருக்கிறேன் என்று சொல்ல
வாய் வரவில்லை.
தலைவலி என்றேன்.