ஓரத்தில் எழுதியது

என்னைப் பற்றிய கடிதத்தை
நானே சுமந்து நடக்கிறேன்.
வாசிக்கத் தெரியாது.
வலமிருந்து இடமாக ஊரும் எறும்புகள்.
அவற்றில் எது நான் என்று
எந்த ரபியும் விரல் வைத்துக் காட்டியதில்லை.

தாளின் முதுகில் எங்கள் ஊர்ச் சபைக் கணக்கு:
முழுக்குக் குளத்துக்கு விறகு இரண்டு வண்டி,
ஏழைகளுக்குப் பாஸ்கா மாவு,
ஓடிப்போன காவலாளியின் பாக்கிச் சம்பளம்.
வண்டிக்காரன் படித்துச் சொன்னான்.
திருப்பிக் கொடுத்தேன்.
"புனித மொழி, எனக்குப் பாதிதான் வரும்" என்றான்.
பாதி வந்துவிட்டதை
அவன் காது மடல் காட்டிக்கொடுத்தது.

ஸெலிக் மரத்தெப்பத்தில் போனவன்.
நேமன் ஆற்றில் பனி உடைந்த வாரம்.
தெப்பம் தில்ஸித் சேர்ந்தது.
வெள்ளம் வடிந்தபின்
யூர்புர்க் அருகே நாணலுக்குள் ஓர் உடல்.
முகத்தை மீன்கள் எடுத்துக்கொண்டிருந்தன.
முகமில்லாத சாவு
சட்டத்துக்குச் சாவு இல்லையாம்.
அதுவரை நான் மனைவி.

ரபி மெனாஷேயின் மனைவி
கதவருகே தாழ்ந்த குரலில் கேட்டாள்:
உடம்பில் அடையாளம் ஏதாவது?
இருட்டில் மட்டும் தெரிந்ததைப்
பகலில் சொன்னேன்.
இடது காலில் கடைசி இரண்டு விரலும்
ஒட்டியிருக்கும்.
மார்கழிக் குளிரில் அந்தக் காலை
என் கெண்டைக்காலில் வைத்துச் சூடேற்றுவான்.
அவள் உள்ளே போனாள்.
பேனா கீறும் சத்தம்
சீக்கிரமே நின்றது.
கெண்டைக்காலை எழுதியிருக்க மாட்டார்.

மூன்று பேர் சம்மதிக்க வேண்டும்.
கெய்தானில் ரபி அவிக்தோர்
ஒட்டிய விரல் பலருக்கும் உண்டு என்று
ஓரத்தில் பொடியாக எழுதினார்.
மெழுகு ஒரு சொட்டு விழுந்தது,
அதைச் சுற்றி எழுதிக்கொண்டே போனார்.
பிறகு அவரே, வேறொரு நாள், வேறு மையில்,
அதன் கீழே ஏதோ சேர்த்தார்.
சத்திரத்தில் பதினொரு இரவு
கீரையும் ரொட்டியும் தின்று காத்திருந்தது
அந்த ஒன்றரை வரிக்காக.

ராஸெயினில் மூன்றாமவருக்குக் கண் மங்கல்.
மருமகன் உரக்க வாசித்தான்.
அடுப்படியில் நின்று கேட்டேன்.
விரல் வந்த இடத்தில் அவன் குரல் தடுக்கியது.
கிழவர் தாளை
ரொட்டி புரட்டுவதுபோலப் புரட்டிப் பார்த்தார்.
ஓரமெல்லாம் நிறைந்துவிட்டது.
"பின்பக்கம் எழுது."
விறகுக் கணக்குக்குக் கீழே,
காவலாளியின் பாக்கிக்குக் கீழே,
ஒரே சொல்.
அனுமதி.

வெள்ளிக்கிழமை. பொழுது சாய்கிறது.
மை காய ஊதிக்கொண்டிருந்த மருமகனிடம் கேட்டேன்,
அவன் பெயர் எங்கே?
தாளைத் தொடாமல் சுட்டினான்.
இரண்டு எழுத்து
அடியில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
"ஒட்டக் கூடாது. அவசரத்தில் எழுதியிருக்கிறார்"
என்றான், மன்னிப்புக் கேட்பதுபோல.
இருக்கட்டும் என்றேன்.

கடிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள்.
எனக்குப் புதுத்தாளில் ஒரு நகல்,
சுத்தமான கையெழுத்து,
எழுத்துக்கு எழுத்து இடைவெளி.
ஊர் திரும்பும் வழியெல்லாம்
கை சட்டைக்குள் போய்
பழைய மடிப்பைத் தேடிக்கொண்டிருந்தது.