மதிப்பு என்ற கட்டம்

வடக்கே மூன்று தபால் போட்டும்
வாரிசு என்று ஒருவரும் எழுதவில்லை.
பங்களாவைத் திறந்து பட்டியல் எடுக்கச் சொன்னார் தாசில்தார்.
செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்.
பதினாலாவது வளைவில் எனக்கு வாந்தி.

இறந்தவர் பெயர் ஃபியோதர் ஸ்விரின்.
தேசம் ருசியா.
தொழில் என்ற இடத்தில் போலீஸ் பதிவேடு
'சாயம் பூசுதல்' என்றது.
நான் திருத்தவில்லை.

இரும்புக் கட்டில், ஒன்று.
குழாய் வைத்த பித்தளைக் கொதிகலம், ஓட்டை.
ரோமக் கோட்டு, பூச்சி அரித்தது;
ஏற்காட்டுக் குளிருக்கு அதிகம்,
அவர் விட்டு வந்த குளிருக்குப் போதாது போல.
ஜாடிகள் பதினேழு.
ஒன்றில் பாக்சைட் செம்மண், மாவாய் அரைத்தது.
ஒன்றில் வெள்ளை. தொட்டதும் தெரிந்தது:
சூரமங்கலம் தாண்டினால்
ரயில் சன்னலில் கண் கூசுமே, அந்த வெள்ளைக்கல்.
அதைச் சுமந்துதான் என் மைத்துனன் இருமுகிறான்.

பிறகு படங்கள்.
நாற்பத்தொன்று, எல்லாம் பலகைமேல்.
எல்லாம் மலை.
முதல் இருபதும் வடக்கத்தி மலை,
யாரும் ஏறியிராத நீலம்.
அடிவாரத்தில் எறும்பளவு ஓர் ஆள்,
படத்துக்குப் படம் நடந்துகொண்டே.
அப்புறம் மலை மெல்லத் தணிகிறது, முதுகு உருண்டு வருகிறது,
இருபத்தாறாவதில்
நமக்குத் தெரிந்த சேர்வராயன்.
நடந்தவன் உட்கார்ந்துவிட்டான்.

'விவரம்' என்ற கட்டத்தில் எழுதினேன்:
மலை, பெரியது.
மலை, சிறியது.
மலை, உச்சியில் பனி.
பனியா? இங்கேயா? அடித்தேன்.

ஒன்றிலும் நிழல் இல்லை.
மரத்துக்கு இல்லை, ஆளுக்கும் இல்லை.
வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று
பலகையைத் திருப்பியே பார்த்தேன், சத்தியமாக.
பின்னால் பென்சிலில் தேதியும்
முட்டைக் கணக்கும்.

முட்டைக்குரியவள் வாசலில் நின்றாள்.
சடைச்சி. கடன்காரி.
"நானூத்திப் பத்து பாக்கி, எழுதிக்குங்க.
மஞ்சளை மட்டும் சாயத்துல குழைப்பாரு,
வெள்ளையை எம் புள்ளைக்குக் குடுத்துருவாரு.
குழைக்கிற அன்னிக்குச் சோறு கெடயாது, பேச்சு கெடயாது,
செருப்பு வெளிய கெடக்கும்."
பூசையா என்றேன்.
"அப்பிடித்தான் இருக்கும்.
அந்த வடக்கு மலைக்கு எதுக்குப் போகணும்னு ஒருநா கேட்டேன்.
அவரு பாசையில ஒத்த வார்த்தை சொன்னாரு.
புரியல. நல்லா இருந்துச்சு."

அடித்த பனியைக் காட்டினேன்.
சிரித்தாள்.
"பங்குனி மழை விழுந்து காப்பி பூத்திருக்கு, தெரியல?"

கடனுக்கு அந்தப் பலகையைக் கேட்டாள்.
விதியில் இடமில்லை.
எதிரே வெறும் கட்டிலும் கொதிகலமும்.
வெள்ளை மலையைத் தலையில் ஏற்றிக்கொண்டு
பலா மரங்களுக்குள் இறங்கிப் போனாள்.
நாற்பது என்று திருத்திச் சுருக்கொப்பம் இட்டேன்.

மிச்சத்தைச் செவ்வாய்ப்பேட்டை மரக்கடை எடுத்தது,
பலகைக்காக, பதினெட்டு ரூபாய்.
தணிக்கையிலிருந்து மெமோ வந்தது:
'மதிப்பு என்ற கட்டம் நாற்பது இடத்திலும் காலி.
விளக்கம் தேவை.'

மறுவருஷ ஜமாபந்திக்கு மேலே போனபோது
மெமோ சட்டைப் பையில் இருந்தது.
சடைச்சி வீட்டுக் கோழிக்கூண்டுக்கு
புதுக் கதவு.
படம் எங்கே என்றேன்.
உள்பக்கம், என்றாள்.
"எம் புருசன் திட்டுறாரு.
நடுச்சாமத்துலயே எல்லாம் கூவுதாம்."

குனிந்து பார்த்தேன்.
வைக்கோல், இறகு, பீ வாசனை,
அதற்கெல்லாம் நேரெதிரே
நிழலில்லாமல் பூத்திருந்தது மலை.

கைநீட்டி எடுத்து ஒரு முட்டை கொடுத்தாள்.
இன்னும் சூடு.
மெமோ இருந்த பையில் வைத்தால் உடையும்.
கடைசி பஸ். கீழே சேலத்தில்
ஒவ்வொரு தெருவாக விளக்குப் போட்டார்கள்.
வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடிக்காமல்
அதையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
இறங்கினேன்.