இருநூற்று நாற்பது

வினிகரை ஊற்றாதீங்க அக்கா,
இடுக்குச் சிமெண்டைத் தின்னுடும்
என்றான் ஆ ஹெங் கடைப் பையன்.
வெந்நீர், ஒரு மூடி சோப்பு, போதுமாம்.

மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வரும் மதிவேந்தன்
வாசலிலேயே பூட்ஸைக் கழற்றுகிறான்.
செம்மண்ணை ஈரத்தோடு தேய்க்கக் கூடாது,
காயவிட்டுக் கூட்ட வேண்டும்.
மணல் ஒவ்வொன்றும் ஒரு சின்ன உளி.

நாற்காலிக் கால்களுக்கெல்லாம்
பழைய பள்ளிக் காலுறையை வெட்டி மாட்டியிருக்கிறேன்.
வருகிறவர்கள் சிரிக்கட்டும்.

இருநூற்று நாற்பது டைல்ஸ்.
வீட்டுக் கடனும் இருநூற்று நாற்பது மாதம்.
ஒரு மழைநாளில் எண்ணியதுதான் வினை.
அன்றிலிருந்து
மாதத்துக்கு ஒன்று எங்களுடையதாகிறது.
சோபாவைத் தாண்டிவிட்டோம்,
தீபாவளிக்குள் பிரிட்ஜ்.

பின்வாசலருகே ஒன்று மட்டும்
இருபது சென் காசால் தட்டினால்
காலி மைலோ டின் மாதிரி ஒலிக்கிறது.
பீடோங் சாலையில்
செம்பனைக் குலை ஏற்றிய லோரி போகும்போதெல்லாம்
அதற்கு மட்டும் ஒரு நடுக்கம்.
என்றைக்கு வெடித்து எழும்புமோ.

அது இன்னும் பேங்குடையதுதான்.

இருந்தாலும் குளிக்கப் போகையில்
இருவரும் அதைத் தாண்டித்தான் கால் வைக்கிறோம்.
நேற்று
பூனைக்கும் சொல்லி வைத்தேன்.